வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா?

கேள்வி: "வலிப்பு நோய்க்குத் தாவரங்களில் மருந்து இருக்கிறதாமே? மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்கு மாறலாமா?"

முதல் பாதிக்குப் பதில், இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு, தயவுசெய்து வேண்டாம். நான் மருத்துவன் இல்லை. பதினோரு வருடமாக ஃபிட்ஸ் உள்ள தம்பியோடு ஒரே வீட்டில் இருப்பவன், அவ்வளவுதான்.

தம்பிக்கு ஃபெனிட்டாயின் மாத்திரை. இரண்டு வருடம் ஒரு தடவைகூட வரவில்லை. பிளஸ் டூ பரீட்சை நேரத்தில் ஞாபக சக்திக்கு என்று அம்மா சங்கபுஷ்பி என்ற மூலிகை சேர்ந்த சிரப் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மாத்திரையை ஒரு வேளையும் விடவில்லை. ஆறாவது வாரம் பாத்ரூம் வாசலில் விழுந்தான். பக்கத்து வீட்டு மாமா சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். (இரும்பைக் கையில் திணிப்பதால் எதுவும் நிற்காது. பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்.)

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வேற என்ன குடுத்தீங்க?" ரத்தத்தில் ஃபெனிட்டாயின் அளவு இறங்கியிருந்தது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை என்று பிறகுதான் படித்தேன். இதே மாதிரி சங்கபுஷ்பி சிரப் குடித்த இரண்டு நோயாளிகளுக்கு வலிப்பு திரும்பி வந்ததைப் பார்த்து, மும்பையில் எலிகளுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1992-இல் வெளியான ஆய்வு. எலிகளிலும் ஃபெனிட்டாயின் அளவு குறைந்தது. மிளகில் உள்ள பைபரின் இதற்கு நேர் எதிர், அளவை ஏற்றிவிடும். ரசத்துக்குப் பயப்பட வேண்டாம், பைபரின் சேர்த்த காப்ஸ்யூல்களைத்தான் சொல்கிறேன். ஃபெனிட்டாயினில் கொஞ்சம் கூடினால் தள்ளாட்டம், கொஞ்சம் குறைந்தால் வலிப்பு.

சரி, நிஜமாகவே நிரூபணமான தாவர மருந்து எது? கஞ்சாச் செடியில் இருந்து எடுக்கும் கன்னாபிடியால், சுருக்கமாக சிபிடி. இது போதை தராது. போதை தருவது அதே செடியின் டிஎச்சி. டிராவே சிண்ட்ரோம் என்று ஒன்று உண்டு, கைக்குழந்தையிலேயே தொடங்கி எந்த மாத்திரைக்கும் எளிதில் மசியாத வலிப்பு. அந்த நோயுள்ள 120 பிள்ளைகளிடம் செய்த சோதனை 2017-இல் வெளியானது. சிபிடி பெற்றவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 12 ஆக இருந்த வலிப்பு 6 ஆனது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத போலி மருந்து (பிளாசிபோ) பெற்றவர்களுக்கு 15-இல் இருந்து 14. அடுத்த வருடமே அமெரிக்காவில் எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அனுமதி கிடைத்தது.

ஆனால் அந்தச் சோதனையில் கொடுத்தது கிலோவுக்கு 20 மில்லிகிராம். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்! மற்ற மருந்துகளும் அப்படியே தொடர்ந்தன. சிபிடி அவற்றுக்குப் பதிலாக வரவில்லை, கூடச் சேர்ந்தது. வயிற்றுப்போக்கு, தூக்கக் கலக்கம் எல்லாம் இருந்தன. வால்புரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேரும்போது ஈரல் என்சைம்கள் ஏறின. ஆன்லைனில் சிபிடி எண்ணெய் வாங்கிச் சொட்டு மருந்துபோல விடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருள்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சரியாக இருந்தவை 26 மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை. "கெமிக்கல்" என்று நாம் ஒதுக்குகிற வால்புரோயேட் வலேரியன் என்ற செடியின் வேரில் உள்ள அமிலத்துக்கு உறவுக்காரன். 1960-களில் பிரான்சில் வேறொரு செடியின் சரக்கைச் சோதிக்கப்போனவர்கள் வால்புரோயேட்டின் அமில வடிவமான வால்புரோயிக் அமிலத்தை வெறும் கரைப்பானாகத்தான் பயன்படுத்தினார்கள். கடைசியில் வலிப்பைத் தடுத்தது கரைப்பான்தான் என்று தெரிந்தது.

செடி என்றால் சாது என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். மீனை மயக்க ஆற்றில் கலக்கும் காக்காய்க்கொல்லி விதையில் உள்ள பிக்ரோடாக்சின், மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பியையே அடைத்து வலிப்பை உண்டாக்கும். 1934-இல் ஹங்கேரியில் மெடுனா என்ற மருத்துவர் மனநோயாளிகளுக்கு வேண்டுமென்றே வலிப்பு வரவழைக்க ஊசியில் ஏற்றியது கற்பூரத்தை! கற்பூரமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டியதைப் பெங்களூரு மருத்துவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் சளிக்குத் தைலம் போட்டு ஆவி பிடிக்கிற வேலை தம்பிக்கு மட்டும் கிடையாது.

அம்மா இப்போது எதை வாங்கினாலும் பாட்டிலோடு டாக்டரிடம் வந்துவிடுகிறார். போன தடவை பைக்குள் இருந்து ஓம வாட்டர் வந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. லேபிளைப் படித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் மேசைமேல் வைத்துக்கொண்டு மருந்துச் சீட்டை எழுதினார்.