சனிக்கிழமை காலை குளத்தில் உங்கள் பையன் என்ன செய்கிறான்?

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்தேன். பையன் பதினொன்றாம் வகுப்பு, பயோ-மேத்ஸ் குரூப், மார்க் பரவாயில்லை ரகம். சனி, ஞாயிறு விடிந்ததும் பைனாகுலரை மாட்டிக்கொண்டு சைக்கிளில் கோயம்புத்தூர் சிங்காநல்லூர் குளத்துக்குக் கிளம்பிவிடுகிறான், ட்யூஷன் நேரத்துக்குத்தான் வீடு திரும்புகிறான், பள்ளியில் என்.எஸ்.எஸ். வேறு. லட்சியம் என்னடா என்று கேட்டால் தெரியலம்மா என்கிறான். சொந்தக்காரர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்கிறார்கள், அவன் அப்பா எதுவும் சொல்வதில்லை, உங்களுக்குத் தூக்கம் வருவதில்லை. இவனுக்கு ஒரு குறிக்கோளை எப்படி ஏற்படுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளியிலிருந்து யாரும் ஏற்படுத்த முடியாது அம்மா, நேராகவே சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் தெரியவில்லை என்று சொல்கிற பிள்ளை உள்ளதை உள்ளபடி சொல்கிறான். கலெக்டர் ஆவேன், டாக்டர் ஆவேன் என்று படபடவென்று ஒப்பிக்கிற பிள்ளைகளிடம், கலெக்டர் காலையில் ஆபீசுக்குப் போனதும் என்ன வேலை பார்ப்பார் என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் முழிப்பார்கள். அது பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த பதில். உங்கள் பையனிடம் அப்படி ஒரு பதில் இல்லை, சரி. ஆனால் யாரும் எழுப்பாமல் வாரம் இரண்டு நாள் இருட்டோடு எழுந்து போகிறானே, தேடுவதற்கு அதைவிட நல்ல இடம் வேறென்ன இருக்கிறது?

அதற்காக, அப்போ இவனுக்குப் பறவைதான் எதிர்காலம், ஃபாரஸ்ட் வேலைக்குத் தயார் பண்ணலாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அக்கறையுள்ள பெற்றோர்தான் இந்த இடத்தில் அதிகம் அவசரப்படுகிறார்கள். பறவை பார்ப்பதில் எந்தப் பகுதி அவனை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒரே குளக்கரையில், ஒரே பைனாகுலரை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிற நாலு பிள்ளைகள் நாலு வெவ்வேறு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருவன் எண்ணுவான். குளிர்காலத்தில் நாமக்கோழிகள் கூட்டம் கூட்டமாக, தண்ணீர் மேல் ஒரே கறுப்பாக மிதக்கும், ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. முதலில் பத்து எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தையும் பத்துப் பத்தாக அளந்துகொண்டே போவான், நடுவில் சில முங்கிவிடும், சில எழும்பிப் போய் வேறு பக்கம் இறங்கும், திரும்ப முதலிலிருந்து. வீட்டுக்கு வந்ததும், பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிந்து வைக்கிற இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றுவான்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தது, அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதியாயிற்றா. அந்தப் பக்கம் வழக்கமாக வராத பறவை ஒன்றைப் பதிந்தால், பட்டியலைச் சரிபார்க்கும் தன்னார்வலர் ஒருவர் போட்டோ இருக்கிறதா, எப்படி அடையாளம் கண்டாய் என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காமல், நாம் பார்த்தது நிஜமாகவே அதுதானா என்று திரும்ப யோசிக்கிற பிள்ளைக்குச் சரியாக இருப்பது முக்கியம். ஆராய்ச்சி, புள்ளியியல், தணிக்கை, மருத்துவப் பரிசோதனைக்கூட வேலை எல்லாம் இந்தக் குணத்தைத்தான் கேட்கின்றன.

இன்னொருவன் எண்ணிக்கையைப் பற்றிக் கவலையே படமாட்டான். இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும் பாம்புத்தாராவைப் பார்த்தபடியே அரைமணி நேரம் உட்கார்ந்து, அந்தக் கழுத்து வளைவு காகிதத்தில் வருகிறவரை அழித்து அழித்து வரைவான். மூன்றாமவன் வாக்கிங் வருகிற தாத்தாவை நிறுத்தி, அது கொக்கு இல்லைங்க, நத்தைகுத்தி நாரை, அலகு நடுவுல இடைவெளி இருக்கு பாருங்க என்று காட்டிக்கொடுப்பான். அவர் ஆச்சரியப்படுவதில்தான் அவனுக்கு அன்றைய நாள் நிறையும். நாலாமவன் பறவையைச் சரியாகப் பார்க்கவே மாட்டான். எந்தப் பக்கத்திலிருந்து சாக்கடை வந்து விழுகிறது, குப்பையை யார் கொட்டுகிறார்கள், யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்று புலம்பிக்கொண்டே இருப்பான். வீட்டில் இந்த நாலு பேருக்கும் ஒரே பட்டம்தான், பறவைப் பைத்தியம். ஆனால் ஒருவனுக்கு நுணுக்கம், ஒருவனுக்கு அழகு, ஒருவனுக்கு மனிதர்கள், ஒருவனுக்கு நியாயம். நான்கும் நாலு வெவ்வேறு வாழ்க்கைக்குக் கொண்டுபோகும்.

மா. கிருஷ்ணன் என்று ஒரு இயற்கையியலாளர் இருந்தார், 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். சென்னையில் தாவரவியல் படித்தார், பிறகு சட்டம் படித்தார், வானொலியில் வேலை பார்த்தார், கர்நாடகத்து சந்தூர் சமஸ்தானத்திலும் இருந்தார். 1950இல் ஒரு ஆங்கில நாளிதழில் இயற்கை பற்றி எழுத ஆரம்பித்து, 1996இல் இறக்கும்வரை 46 வருடம் அந்தப் பத்தியை விடவில்லை. எழுதினார், வரைந்தார், காட்டில் யானைகளைப் படமெடுத்தார். அவருடைய பதினாறு வயதில் எந்த ஆலோசகராலும் இந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்திருக்க முடியாது. கவனித்துப் பார்த்தால், கூர்ந்து பார்ப்பதும் பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்வதும் மட்டும் எல்லா வேலைக்கும் நடுவே மாறாமல் ஓடியிருக்கின்றன. உங்கள் பையனிடம் அப்படி மாறாமல் ஓடுவது எது என்பதைத்தான் நாம் தேடுகிறோம்.

சாலிம் அலியின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இது உங்கள் பையனுக்காக. இந்தியப் பறவையியலின் மிகப் பெரிய பெயர் அவருடையது, ஆனால் இளமையில், முறையான பட்டம் இல்லாத காரணத்தால், இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. பிற்பாடு ஜெர்மனிக்குப் போய் பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்துதான் தன் வேலையை நிலைநிறுத்தினார். ஆசை எவ்வளவு இருந்தாலும் படிப்பும் முறையான பயிற்சியும் கூட வேண்டும் என்று அவனிடம் தாராளமாகச் சொல்லுங்கள், இந்தக் கதையோடு சொன்னால் கேட்டுக்கொள்வான்.

படிப்பிலும் மார்க்கை மட்டும் பார்க்காதீர்கள். புக் பேக் கேள்விகளைத் தாண்டி எந்தப் பாடத்தில் அவன் தானாகப் போகிறான்? எந்தப் பாடத்தில் விடை தப்பானால் சும்மா விடாமல் ஏன் தப்பு என்று குடைகிறான்? எந்தப் பாடத்தை நண்பனுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்? உயிரியலில் 90 எடுத்துவிட்டுப் பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுகிற பிள்ளை இருக்கிறான், கணக்கில் 70 எடுத்துவிட்டு ஒரு நிகழ்தகவுக் கணக்கை மூன்று நாள் விடாமல் போட்டுப் பார்க்கிற பிள்ளையும் இருக்கிறான். இரண்டாவது பிள்ளையை மார்க் ஷீட் நமக்குக் காட்டாது. இன்னொன்று, சூழலியல் என்றால் காட்டில் சுற்றுவது என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பாதி வேலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எண்களோடு மல்லாடுவது. எண்ணிய பறவைகளை வருடவாரியாக ஒரு எக்செல் அட்டவணையில் போட்டு, ஏறியதா இறங்கியதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்த வேலையில் அவன் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்தால் அது ஒரு செய்தி, ஒரு மணி நேரத்தில் எழுந்து ஓடினால் அதுவும் செய்திதான்.

என்.எஸ்.எஸ்.ஸை நீங்கள் நேர விரயம் என்று எழுதியிருந்தீர்கள், அதில் மட்டும் உங்களோடு சண்டை போடுவேன். காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கிய திட்டம் அது, இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, நடுவில் 7 நாள் முகாம். சான்றிதழுக்காகப் பெயர் கொடுத்துவிட்டுப் போட்டோவில் மட்டும் நிற்கிற பிள்ளைகள் உண்டுதான். ஆனால் அந்த 7 நாளில் வீட்டில் காட்டாத குணமெல்லாம் வெளியே வரும். என்னிடம் வந்த ஒரு மாணவி, முகாமில் எல்லாரும் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கும்போது திண்ணையில் ஒரு பாட்டியோடு உட்கார்ந்து முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். பாட்டியின் ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் வேறு வயது. அதைச் சொல்லியே அலைய விட்டிருக்கிறார்கள். மறுநாள் இந்தப் பெண் பாட்டியைக் கூட்டிக்கொண்டு வி.ஏ.ஓ. ஆபீசுக்கே போய்விட்டாள், கூட்டுகிற வேலையை விட்டுவிட்டுப் போனாய் என்று திட்டும் வாங்கினாள். என்னிடம் அவள் முகாமைப் பற்றிப் பேசவே வரவில்லை, பி.காமா பி.பி.ஏ.வா என்று கேட்கத்தான் அப்பாவோடு வந்தாள், ஆனால் பேச்சு முழுக்க அந்தப் பாட்டியின் இரண்டு வயதுகளைப் பற்றியே இருந்தது. இப்போது சட்டம் படிக்கிறாள்.

ஆகவே பையன் முகாமிலிருந்து வந்ததும் என்ன சாப்பாடு போட்டார்கள் என்று கேட்டுவிட்டு, அப்புறம் கேளுங்கள்: யாரும் சொல்லாமல் நீயாக என்ன செய்தாய்? எதைப் பார்த்து எரிச்சல் வந்தது? எரிச்சல் முக்கியம் அம்மா. ஏற்பாடு சரியில்லை என்று எரிச்சல்படுகிறவனும், ஒரு பையனை ஒதுக்கி வைத்தார்கள் என்று எரிச்சல்படுகிறவனும் ஒன்றில்லை.

ஒருவருக்கு எது முக்கியம் என்பது, இரண்டு நல்ல விஷயம் மோதும்போதுதான் தெரியும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் 4 நாள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், 2015 முதல் நடக்கிறது, உங்கள் பையனும் போவான் என்று நினைக்கிறேன். அதே நாளில் ட்யூஷனில் டெஸ்ட் வைத்தால் எதை விடுவான்? பட்டியலில் நம்ம குளம் முதலில் வரணும்டா, இன்னும் ரெண்டு பறவை சேர்த்துப் போடு என்று நண்பன் சொன்னால் போடுவானா? இப்படி எதையாவது விட்டுக்கொடுத்து எதையாவது காப்பாற்றுகிறானே, அந்தக் காப்பாற்றியதை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைக்கச் சொல்லுங்கள். வாராவாரம் போதும். இந்த வாரம் தானாகச் செய்தது, அலுப்புத் தட்டியது, விட்டுக்கொடுக்காதது. சில மாதங்களில் அவனுக்கே ஒரு வடிவம் தெரியும். அந்த நோட்டை நீங்கள் எடுத்துப் படிக்கக் கூடாது, படித்தால் உங்களுக்காக எழுத ஆரம்பித்துவிடுவான்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். ஒரு சம்பளம், வீட்டுக்கடன், தங்கைக்கும் படிப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதை அவனிடம் உட்கார்ந்து, கணக்கோடு சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு என்று நெருக்குவதைவிட, இவ்வளவுதான் முடியும், இன்ன வருடத்துக்குள் நீ சம்பாதிக்க ஆரம்பித்தால் நல்லது என்று சொன்னால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும். குடும்பத்துக்குத் தோள் கொடுக்க வேண்டும் என்பதும் அவன் மனதில் முக்கியமான ஒன்றாக இருக்கலாம், அதையும் அவனே கண்டுபிடிக்கட்டும்.

பயோ-மேத்ஸ் எடுத்திருப்பதால் எந்தக் கதவும் இன்னும் மூடவில்லை. பொறியியல் கவுன்சலிங்குக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு கட்-ஆஃப், அதற்கும் போகலாம். கால்நடை மருத்துவத்துக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் நிரம்புகின்றன. வனவியல் படிப்பு உங்களுக்குப் பக்கத்திலேயே மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் இருக்கிறது. பி.எஸ்சி. விலங்கியல் முடித்தால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம் என்று வன உயிரியலில் மேற்படிப்பு உண்டு, ஆராய்ச்சி ஆசை இருந்தால், பிளஸ் டூ முடிக்கும்போதே, மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத் தேர்வை எழுதலாம். இந்திய வனப் பணித் தேர்வை பொறியியல் பட்டதாரியும் எழுதலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸும் பறவைக்கு எதிரி கிடையாது: குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் செயலி அவன் போனில் இருக்கிறதா என்று பாருங்கள், அதைச் செய்தவர்களில் அவனைப் போல் விடியற்காலையில் எழுந்து போனவர்களும் உண்டு, நிரல் எழுதத் தெரிந்தவர்களும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை முடிந்தால் நீங்களும் ஒருமுறை கூடப் போய்விட்டு வாருங்கள். எதிர்காலத்தைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், அவன் எண்ணுகிறானா, வரைகிறானா, பேசுகிறானா, புலம்புகிறானா என்று மட்டும் பாருங்கள். ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது, பொதுமக்களுக்கு நிகழ்ச்சி ஏதாவது அறிவித்தால் அவனை அனுப்பி, அந்த வேலையில் இருப்பவர்களிடம் அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அப்பாவும் வரட்டும், அவர் என்ன நினைக்கிறார் என்பதை நானே கேட்டுக்கொள்கிறேன். அதுவரை சொந்தக்காரர்கள் என்ன எடுக்கப் போகிறான் என்று கேட்டால், பிளஸ் டூ முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவன் காதில் விழும்படியே சொல்லுங்கள்.