ஸ்டேஷனரி: கடைசியில் 'ஏ'வா 'இ'யா?

நோட்டு, பேனா விற்கிற கடைக்கு இங்கிலீஷில் ஸ்டேஷனரி என்று எழுதினால் 'ஆர்' எழுத்துக்கு முன்னால் ஏ வருமா இ வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இ தான். ஏ போட்டால் அது வேறு சொல், நகராமல் நிற்பது என்று அர்த்தம். சிக்னலில் நிற்கிற பஸ், ஸ்கூல் பிசிக்ஸில் படித்த நிலை அலை எல்லாம் அந்த ஏ போட்டது. வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான், அதனால்தான் இத்தனை குழப்பம்.

நான் இதை அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சித்தப்பா கடை திறந்தபோது ஃபிளெக்ஸ் போர்டுக்கு மேட்டர் எழுதிக் கொடுத்தது நான் (வீட்டிலேயே இங்கிலீஷ் மீடியம் படித்தவன் நான்தானே), பெரிய எழுத்தில் ஏ போட்டுக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் சார்ட் பேப்பர் வாங்க வந்த ஒரு ஸ்கூல் பெண், "அங்கிள், உங்க கடை நகராதா?" என்று சிரித்தாளாம். புது ஃபிளெக்ஸுக்கு இன்னொரு தடவை காசு தர சித்தப்பா தயாரில்லை, ஸ்டிக்கர் கடையில் ஒற்றை இ வெட்டி வாங்கி மேலே ஒட்டினோம்.

ஆனால் அந்தப் பெண் சொன்னதில் பாதி உண்மை. இரண்டு சொல்லுக்கும் வேர் நிற்பதைக் குறிக்கும் ஒரே லத்தீன் சொல்தான். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுமந்து விற்றவர்கள் ஏராளம். அப்படி அலையாமல், பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் ஸ்டேஷனர். லண்டனில் 1403-லேயே இவர்களுக்குச் சங்கம் இருந்தது, 1557-ல் அரச சாசனமும் கிடைத்தது, ஷேக்ஸ்பியர் நாடகங்கள் பலவும் அச்சுக்குப் போகும் முன் இவர்கள் பதிவேட்டில் ஏறியவைதான். அப்புறம் புத்தக விற்பனை தனித் தொழிலாகப் பிரிந்துபோக, ஸ்டேஷனர் கையில் மிஞ்சியது காகிதமும் பேனாவும் மையும்.

எழுதும்போது விற்கிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள்: பேக்கர் பேக்கரி, ஸ்டேஷனர் ஸ்டேஷனரி, எல்லாவற்றிலும் ஆருக்கு முன்னால் இ. என்வலப்புக்கு இ என்று ஸ்கூலில் சொல்லித் தருவார்கள், அதுவும் சரிதான், ஆனால் நம் ஊரில் யார் என்வலப் என்று கேட்கிறார்கள், கவர் என்றுதானே கேட்கிறோம்! ஸ்பெல் செக்கை மட்டும் நம்பாதீர்கள், இரண்டுமே அகராதியில் இருக்கிற சொல் என்பதால் சிவப்புக் கோடு விழாது.

சித்தப்பா கடையில் அந்த ஸ்டிக்கர் இ இன்னும் இருக்கிறது. வெயிலில் ஓரம் சுருண்டுவிட்டது, காற்றடித்தால் அடியிலிருந்து ஏ எட்டிப் பார்க்கும்.