தொலைதூரக் காமா கதிர் வெடிப்பு: எந்த அலைநீளத்தை எப்போது பார்ப்பது?

காமா கதிர் வெடிப்பு (விண்வெளியில் காமா கதிர்கள் சட்டென்று பீறிடும் நிகழ்வு) ஒன்று பதிவானதும் எல்லாத் தொலைநோக்கிகளையும் ஒரே நேரத்தில் திருப்பினால் போதாதா என்பது கேள்வி. போதாது. வெடிப்பு மிகத் தொலைவில் இருந்தால், கண்ணுறு ஒளியில் எதுவும் தெரியாமல் போவதுதான் முதல் துப்பு. அது கிடைத்ததும் சில மணி நேரத்துக்குள் அகச்சிவப்பில் பார்த்தாக வேண்டும். ரேடியோ காத்திருக்கும்.

2009 ஏப்ரல் 23 வெடிப்பு நல்ல உதாரணம். காமா கதிர் சுமார் 10 விநாடிதான். ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் எக்ஸ்ரே தொலைநோக்கி 73 விநாடியில் திரும்பி, வெடிப்பு நடந்த இடத்தைச் சில ஆர்க் விநாடிக்குள் (ஆர்க் விநாடி என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) குறுக்கியது. அதிலேயே உள்ள புறஊதா, கண்ணுறு தொலைநோக்கியில் ஒன்றுமில்லை. சுமார் 20 நிமிடத்தில் ஹவாயின் யூகிர்ட் தொலைநோக்கி, அகச்சிவப்பின் கே பட்டையில் பின்னொளிர்வைப் (வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் ஒளியை) பிடித்தது. பிறகு ஜெமினி நார்த் தொலைநோக்கியில் ஜே, ஹெச் அகச்சிவப்புப் பட்டைகளில் தெரிந்தது. அவற்றைவிடக் குறைந்த அலைநீளமுள்ள ஒய் பட்டையில் இல்லை.

காரணம் ஹைட்ரஜன். லைமன் ஆல்பா என்ற ஹைட்ரஜன் நிறமாலைக் கோட்டுக்குக் (121.6 நானோமீட்டர்) குறைந்த அலைநீளங்களை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடும். செம்பெயர்ச்சி (பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் அளவு) 8.2 என்றால் அந்த வெட்டு 9.2 மடங்கு நீண்டு 1.12 மைக்ரானில் விழும். அதாவது ஒய்க்கும் ஜேக்கும் நடுவில். தூசியும் ஒளியைச் சிவப்பாக்கும்தான், ஆனால் படிப்படியாக. ஜே, ஹெச் நிறமும் (இரு பட்டைகளுக்கும் இடையிலான பிரகாச வித்தியாசம்) சேர்ந்து சிவக்கும். இங்கே அப்படி இல்லை. சிலியின் விஎல்டி தொலைநோக்கி எடுத்த நிறமாலை வெட்டை உறுதிசெய்தது.

பலரும் சறுக்குவது நிறக் கணக்கில். பின்னொளிர்வு ஏறக்குறைய நேரத்துக்கு எதிர்விகிதத்தில் மங்குகிறது. ஜே பட்டையை 1 மணியிலும் ஒய் பட்டையை 3 மணியிலும் எடுத்தால், மங்கலால் மட்டுமே 1.2 மாக்னிட்யூட் (வானியலில் பிரகாச அளவு) வித்தியாசம் வரும். இல்லாத வெட்டு இருப்பதாகத் தோன்றும். சிலியின் லா சில்லாவில் இருந்த கிராண்ட் கருவி 7 பட்டைகளை ஒரே சமயத்தில் எடுத்தது இதற்காகவே. அப்படிப்பட்ட வசதி இல்லையென்றால் ஜே, ஒய், மறுபடி ஜே என்று எடுத்து, ஒய் எடுத்த நேரத்தில் ஜே எவ்வளவு இருந்திருக்கும் என்று இடைக்கணிப்புச் செய்யுங்கள்.

ஓர் இரவு தவறினாலும் கைவிட வேண்டாம். காலமும் 9.2 மடங்கு நீள்வதால், நமக்கு 1 நாள் என்பது அங்கே 2.6 மணி நேரம்தான்.

ரேடியோ பின்னொளிர்வு உச்சம் தொட நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். தொடக்க நாட்களில் 10 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே நம் பால்வெளியின் மின்மமே (பிளாஸ்மா, அதாவது அயனியான வாயு) பிரகாசத்தில் சிமிட்டலை உண்டாக்கும். ஒரே அதிர்வெண்ணில் ஒரே நாள் அளந்துவிட்டு 'ஏறுகிறது' என்று எழுதிவிடாதீர்கள்.