ஆற்றின் சரிவு, ஆழம், படுகையின் கரடுமுரடு ஆகியவற்றை வைத்து நீரின் வேகத்தைக் கணிக்கும் மானிங் சூத்திரம், மிதவை விட்டு அளந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு காட்டுவது ஏன்?

முதலில் சூத்திரத்தில் கரடுமுரடுக்கு நீங்கள் வைத்த 0.030-ஐ மாற்றுங்கள். அது துப்புரவான, நேரான ஓடைக்குரிய மானிங் எண். நானுஓயா ஆற்றில் நீங்கள் அளந்த இடம் போலப் பாறாங்கல் கிடக்கும் படுகைக்கு 0.040 முதல் 0.070 வரை போகும். 0.060 வைத்தாலே கணித்த வேகம் பாதியாகிவிடும்.

ஆனால் விடை பொருந்த வேண்டுமென்று எண்ணை இழுக்காதீர்கள். சரிவை வரைபடத்தில் எடுத்தீர்களா? இடையில் ஒரு சின்ன அருவி இருந்தாலும் சரிவு கூடிவிடும். மிதவை விட்ட அதே துண்டில் நீர்மட்டச் சரிவை லெவல் கருவியால் எடுத்துப் பாருங்கள்.

மிதவை காட்டுவது மேற்பரப்பு வேகம், சராசரிக்கு 0.85ஆல் பெருக்குவது வழக்கம். தண்ணீர் வற்றிக் கற்கள் தலைகாட்டும் நாளில் மானிங்கையே நம்ப முடியாது.

அப்புறம், ஆற்றின் மேற்பகுதிப் பக்கம் மழை இருட்டினால் உடனே கரையேறுங்கள். மலை ஆறு சொல்லாமல் பெருகும்.