பழைய மடிக்கணினியில் ஹைக்கூ ஓடுமா?

1 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் ஹைக்கூ என்ற இயங்குதளம் ஓடுமா, உள்ளே இருக்கும் விண்டோஸ் அழிந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஓடும். ஹைக்கூவைப் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே இயக்கிப் பாருங்கள். நீங்களாக நிறுவச் சொல்லாதவரை விண்டோஸுக்கு ஆபத்தில்லை. பென்டிரைவில் இருப்பது மட்டும் அழிந்துவிடும்.

இது லினக்ஸ் இல்லை. பீஓஎஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்தின் சொத்துகளை 2001இல் பாம் (Palm) என்ற நிறுவனம் வாங்கியது. அதே ஆண்டு ஆர்வலர்கள் சிலர் பீஓஎஸ்ஸைப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள், அதுதான் ஹைக்கூ. முதல் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, வந்தது 2018இல்தான்! இன்னும் சோதனை நிலைதான். அதனால் முக்கியமான கோப்புகளை இதை நம்பி வைக்காதீர்கள்.

வேகம்தான் இதன் அழகு. சாளரம் ஒவ்வொன்றும் தனித் திரெட்டில் (தனியாக ஓடும் வேலைத் தொடரில்) ஓடுவதால், பின்னணியில் கனமான வேலை நடந்தாலும் திரை சட்டென்று பதில் சொல்லும். ஆனால் யூடியூப் மாதிரி கனமான தளங்களில் 1 ஜிபி திணறும், அது ஹைக்கூவின் குற்றமல்ல.

வைஃபையை இயக்கும் டிரைவர்கள் பல ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்திலிருந்து வந்தவை, வைஃபை வேலை செய்யுமா என்பது உங்கள் வைஃபை சிப்பைப் பொறுத்தது. திரை கறுப்பாகவே நின்றால், பூட் ஆகும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். வரும் மெனுவில் பாதுகாப்பான வீடியோ முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம், 64 பிட் செயலி இல்லையென்றால் 32 பிட் பதிப்பை இறக்குங்கள். பழைய பீஓஎஸ் மென்பொருள்கள் ஓடுவதும் அதில்தான்.