கோ-கோஸின் 'பியூட்டி அண்ட் த பீட்': பாடல் பாடலாகக் கேள்வி பதில்

பெண்கள் மட்டுமே உள்ள லாஸ் ஏஞ்சலஸ் ராக் குழு கோ-கோஸ். 1981 ஜூலையில் ஐ.ஆர்.எஸ். ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட அவர்களுடைய ஆல்பம் இது. மொத்தம் 11 பாடல்கள். எல்பியில் (இசைத்தட்டில்) முதல் பக்கம் 5, மறுபக்கம் 6. பாடல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்.

கேள்வி: பெண்கள் மட்டுமே இருந்த முதல் ராக் குழு இதுதானே?

இல்லை. ஃபேனி குழு 1970-லேயே ஆல்பம் போட்டுவிட்டது. ரனவேஸின் முதல் ஆல்பம் 1976-ல் வந்தது. அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் பெண்கள் குழுவும் 1966-ன் சுப்ரீம்ஸ்தான். ஆனால் அவர்கள் பாடகிகள். எழுதுவதும் வாசிப்பதும் வேறு ஆட்கள். பாட்டையும் எழுதி, கருவிகளையும் தாங்களே வாசித்து அந்த இடத்துக்கு வந்த முதல் பெண்கள் குழு கோ-கோஸ். 1982 மார்ச்சில் ஏறி 6 வாரம் அங்கேயே இருந்தார்கள்.

கேள்வி: பாடல்களை எழுதியது பெலிண்டா கார்லைலா?

பாடியவர் அவர். எழுத்தில் அவர் பெயர் 'ஸ்கிட்மார்க்ஸ் ஆன் மை ஹார்ட்' ஒன்றில்தான் இருக்கிறது, அதுவும் சார்லட் காஃபியோடு சேர்ந்து. ஆல்பத்தின் முதுகெலும்பு காஃபியும் (லீட் கிட்டார், கீபோர்டு) ஜேன் வீட்லினும் (ரிதம் கிட்டார்). 'வீ காட் த பீட்' காஃபி தனியாக எழுதியது. 'கான்ட் ஸ்டாப் த வேர்ல்ட்' பேஸ் கிட்டார் வாசித்த கேத்தி வாலன்டைனுடையது.

'அவர் லிப்ஸ் ஆர் சீல்ட்' பாட்டில் வீட்லினோடு ஸ்பெஷல்ஸ் குழுவின் டெரி ஹால் பெயரும் வரும். அவர் தபாலில் அனுப்பிய வரிகளை வைத்து வீட்லின் பாட்டை முடித்தார். ஹால் 1983-ல் தன் ஃபன் பாய் த்ரீ குழுவோடு இதையே பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஹால் பாடும்போது அதே வரிகள் இருண்டுபோகின்றன. கோ-கோஸின் துள்ளலுக்கு அடியில் எவ்வளவு பயம் இருக்கிறதென்று அப்போதுதான் உறைக்கும்.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் பங்க் (வேகமான, கரடுமுரடான ராக்) குழு என்கிறார்கள். ஆல்பம் ஏன் இவ்வளவு பாப்பாக ஒலிக்கிறது?

தயாரிப்பாளர் ரிச்சர்ட் காட்டரர் அதற்கு ஒரு காரணம் (ராப் ஃப்ரீமேன் இணைத் தயாரிப்பாளர்). பிளாண்டி குழுவின் முதல் ஆல்பங்களைத் தயாரித்தவர். மேடையில் தலைதெறிக்க வாசித்த பாடல்களின் வேகத்தைக் குறைத்து, சொற்கள் காதில் விழும்படி செய்தார். முதலில் கேட்டபோது குழுவுக்கே பிடிக்கவில்லை. என் கணிப்பில் காட்டரர் செய்ததே சரி. மெட்டு முதலிலிருந்தே பாப்தான். வேகம் அதை மறைத்துக்கொண்டிருந்தது.

கேள்வி: அக்கா, 'வீ காட் த பீட்' ட்ரம்ஸ் பழகுகிறேன். பாதிப் பாட்டிலேயே வேகம் ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

குழுவின் ட்ரம்ஸ்காரர் ஜீனா ஷாக்கின் வாசிப்பு முழுக்க நிதானம் தம்பி, ஆர்ப்பாட்டம் இல்லை. பாட்டு நிமிடத்துக்கு 150 அடியை ஒட்டி ஓடுகிறது. வேகம் ஏறுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்: ஃபில் (பகுதிகளுக்கு நடுவே வாசிக்கும் சிறு ட்ரம்ஸ் அலங்காரம்) முடிந்து ஒன்றாம் அடிக்குத் திரும்பும்போது, கிட்டார்கள் நின்று குரலும் ட்ரம்ஸும் மட்டும் மிஞ்சும் பகுதியில். இரண்டாவதில் பிடித்துக்கொள்ள வேறு கருவி இல்லாததால் கை தானாக விரையும்.

மெட்ரோனோமை (சீராக அடி எண்ணித் தரும் கருவியை) 120-ல் வைத்து, ஃபில்லே இல்லாமல் முழுப் பாட்டையும் வாசியுங்கள். நிலைத்த பிறகு ஐந்தைந்தாக ஏற்றுங்கள். அடுத்து, மெட்ரோனோம் இரண்டாம், நான்காம் அடிகளில் மட்டும் ஒலிக்கட்டும். அதாவது 150-க்கு 75. எங்கே முந்துகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

கேள்வி: இதே பாட்டுக்கு பேஸ் வாசித்தால் மணிக்கட்டு இறுகிவிடுகிறதே?

150 வேகத்தில் அரை அடிக்கு ஒரு தட்டு என்றால் நொடிக்கு ஐந்து. எல்லாமே கீழ்நோக்கிய தட்டாக இருந்தால் கை சோராமல் என்ன செய்யும்? பிக்கின் (கம்பியைத் தட்டும் சிறு தகட்டின்) நுனி மட்டும் கம்பியைத் தொடட்டும், முழங்கையைப் பூட்டாதீர்கள். பயிற்சியில் மேலும் கீழுமாகத் தட்டுங்கள். மேல்தட்டு மெலிந்து கேட்டால் பிக் சாய்ந்திருக்கிறது என்று பொருள். வாலன்டைன் அடிப்படையில் கிட்டார்காரர். இந்தக் குழுவுக்காகத்தான் பேஸுக்கு மாறினார். அந்தக் கூர்மை ஆல்பம் நெடுகக் கேட்கும்.

கேள்வி: 'அவர் லிப்ஸ்' நடுவில் குரல் மாறுகிறதே, அது யார்?

வீட்லின். மேடையில் பாடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மெல்லிய குரல் வரும்போதும் கிட்டார்கள் கோரஸ் சத்தத்திலேயே நின்றால் வரி மூழ்கிவிடும். பாடகியைக் கத்தச் சொல்லாதீர்கள், கிட்டார்களைக் குறையுங்கள்.

கேள்வி: 'அவர் லிப்ஸ்', 'வீ காட் த பீட்' என்ற இரண்டு ஹிட் பாட்டும் கேட்டாயிற்று. அடுத்து?

'லஸ்ட் டு லவ்', பிறகு 'திஸ் டவுன்'. இரண்டும் காஃபி-வீட்லின் எழுதியவை. 'திஸ் டவுன்' லாஸ் ஏஞ்சலஸின் பகட்டைப் புகழ்வதுபோல் குத்திக்காட்டுகிறது. 'ஆட்டோமேட்டிக்' மெதுவானது, அதை ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

கேள்வி: என்னிடம் நீல அட்டை எல்பி இருக்கிறது. போலியா?

இல்லை. முதலில் வந்தது பீச் நிறப் பின்னணி, பிறகு நீலமாக்கினார்கள். பாடல்கள் அதே 11-தான்.