ஒரே நெட்வொர்க்கில் ஜம்போ ஃபிரேமும் 1500-ம் கலந்து வைக்கலாமா? பிங் போகிறது, பெரிய ஃபைல் மட்டும் தொங்குகிறது

கோரமங்களாவில் சின்ன எடிட்டிங் ஆபீஸ். நாஸ் (எல்லோரும் பகிரும் ஃபைல் சேமிப்புப் பெட்டி), இரண்டு எடிட்டிங் மெஷின் 9000 பைட் எம்டியூவில் (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு; வழக்கமான 1500-ஐத் தாண்டினால் ஜம்போ ஃபிரேம்), மற்ற பிசிக்கள், பிரிண்டர், வைஃபை எல்லாம் 1500-ல், நடுவே எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 8 போர்ட் ஸ்விட்ச் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே சப்நெட்டில் (ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் ஒரே ஐபி வரிசையில்) இப்படிக் கலக்கக் கூடாது.

ஆனால் இப்போது ஃபைல் தொங்குவதற்கு 1500 பிசிக்கள் காரணமாக இருக்காது. ஃபைல் காப்பி ஓடும் டிசிபி இணைப்பு தொடங்கும்போதே இரு பக்கமும் தங்கள் எம்எஸ்எஸ்-ஐச் (ஒரு பாக்கெட்டில் வாங்கக்கூடிய டேட்டா, எம்டியூவில் ஹெடர்கள் 40 பைட் போக) சொல்லிக்கொள்ளும். நாஸ் 8960 என்றும் பிசி 1460 என்றும் சொன்னால், நாஸ் 1460-க்கு மேல் அனுப்பாது. இரு முனையும் 9000, நடுவிலுள்ள ஸ்விட்ச் மட்டும் ஜம்போவைத் தாங்காது என்றால்தான் சிக்கல். எம்எஸ்எஸ் பேச்சில் ஸ்விட்சுக்குப் பங்கே கிடையாது. அது ஃபிரேமைத் துண்டாக்கவும் செய்யாது, ஐசிஎம்பி (பிங்கும் பிழைச் செய்திகளும் போகும் முறை) அனுப்பிச் சொல்லவும் செய்யாது. பேசாமல் கீழே போட்டுவிடும். சின்ன பாக்கெட்டுகள் போவதால் ஷேர் திறக்கும், காப்பி தொடங்கியதும் நின்றுவிடும்.

சோதிக்க, எடிட்டிங் மெஷினிலிருந்து நாஸுக்கு 8972 பைட் பிங் கொடுங்கள் (9000-ல் ஐபி ஹெடர் 20, ஐசிஎம்பி ஹெடர் 8 போக மிச்சம்). விண்டோஸில் ping -f -l 8972, லினக்ஸில் ping -M do -s 8972, பின்னால் நாஸின் ஐபி. -f, -M do இரண்டும் பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்பவை. துண்டாக்க வேண்டும் என்று உடனே பிழை வந்தால் உங்கள் மெஷினே இன்னும் 1500-ல் இருக்கிறது. பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் வழியில் விழுங்கப்படுகிறது. 1472 போய் 8972 போகாவிட்டால் நடுவே 4000, 7000 என்று ஏற்றிப் பாருங்கள். சில கார்டுகள் அந்த அளவிலேயே நின்றுவிடும். நாஸிலிருந்தும் இதே பிங்கை ஓட்டுங்கள். தன் எம்டியூவைவிடப் பெரிய ஃபிரேமை வாங்கிக்கொண்டு பதிலை மட்டும் 1500-ஆகத் துண்டாக்கி அனுப்பும் கார்டுகள் உண்டு. ஒரு பக்கச் சோதனை அதைக் காட்டாது.

தீர்வு, இரண்டையும் பிரிப்பதுதான். நாஸின் இரண்டாவது போர்ட்டையும், எடிட்டிங் மெஷின்களில் ஆளுக்கொரு கூடுதல் கார்டையும் ஜம்போ தாங்கும் தனி ஸ்விட்சில் மாட்டுங்கள். மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாற்றக்கூடியது) என்றால் அதில் ஃபிரேம் அளவை 9216 வையுங்கள். ஹெடர், விலேன் டேக் (ஃபிரேம் எந்தப் பிரிவுக்குரியது என்ற குறி) எல்லாம் அடங்க வேண்டும். தனி சப்நெட் கொடுங்கள், உதாரணமாக 192.168.50 வரிசை. அந்தக் கார்டுகளில் கேட்வே போடவே வேண்டாம். ஷேரை அந்த ஐபி வழியாகவே மவுண்ட் செய்யுங்கள். விண்டோஸ் டிரைவரில் 9014 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், 14 பைட் ஈத்தர்நெட் ஹெடரையும் சேர்த்துச் சொல்வது அது. நாஸில் 9000 என்றே இருக்கட்டும்.

பழைய போர்ட்டுகள் எல்லாம் மறுபடி 1500. டிசிபி தப்பித்துக்கொள்கிறதே என்று அங்கே 9000-ஐ விட்டுவைக்காதீர்கள். இணைப்புப் பேச்சே இல்லாமல் அனுப்பும் யுடிபிக்கு எம்எஸ்எஸ் கிடையாது. நாஸ் பெரிய யுடிபி பாக்கெட் அனுப்பினால் 1500 பிசியின் கார்டு அதைத் தூக்கி எறிந்துவிடலாம். அந்தப் பிசி லினக்ஸ் என்றால் ethtool -S கொடுத்தால் அப்படி எறிந்த பாக்கெட்டுகளின் கணக்கு பெரும்பாலும் தெரியும்.

பின்னால் 9000 சப்நெட்டை ரவுட்டர் வழியாக 1500 பக்கம் இணைக்க நேர்ந்தால், ஃபயர்வாலில் ஐசிஎம்பி டைப் 3 கோட் 4-ஐயும், ஐபிவி6-க்கு டைப் 2-ஐயும் அடைக்காதீர்கள். பாக்கெட் பெரிது என்று ரவுட்டர் அனுப்பியவருக்குச் சொல்வது இவற்றில்தான். அடைத்தால் இதே தொங்கல் திரும்ப வரும்.

1 ஜிகாபிட் லைன்தான் என்றால் இவ்வளவும் தேவையா என்று யோசியுங்கள். 1500-ல் வயரின் 94.9 சதவீதம் டேட்டாவுக்குக் கிடைக்கிறது, 9000-ல் 99.1. அந்த நான்கு சதவீதத்துக்காகத் தனி ஸ்விட்ச் வாங்க நான் சொல்லமாட்டேன். 10 ஜிகாபிட் போட்டு, காப்பியின்போது நாஸின் சிபியு திணறினால் கட்டாயம் செய்யுங்கள்.